பாதி பொன்னான பூனைக்குட்டி

எங்கள் வீட்டு அன்னதானம் உண்மையான அன்னதானம்தானா என்று பரிசோதிக்க ஒரு பூனைக்குட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. பரீட்சை வைத்தால் அப்பாதான் முதலாவதாக வருவார், அதை ஊருக்கே காட்டிவிடலாம் என்ற ஆசையில்தான் போனேன்.

இதற்கெல்லாம் காரணம் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், போடியில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குப் புராணக் கதை வகுப்பு நடத்தினாள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற குணமும் தொண்டு செய்கிற மனமும் வர வேண்டும் என்பது அத்தையின் நோக்கம். கடைசியில் சுண்டல் வரும் என்பது எங்கள் நோக்கம்.

அத்தை கதை சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கலாம். ஆனால் குறுக்கே கேள்வி கேட்டால் அவளுக்குப் பிடிக்காது. எனக்கோ கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. புறாவைக் காப்பாற்ற ஒரு ராஜா தன் தொடைச் சதையை அறுத்துத் தராசில் வைத்தார் என்று அவள் கண் கலங்கச் சொன்னபோது, "அந்தக் காலு அப்புறம் ஆறிருச்சா அத்தே?" என்று கேட்டேன். உடம்போடு ஒட்டிப் பிறந்த கவசத்தை அறுத்துத் தானம் கொடுத்தவரின் கதையில், "அதுவரைக்கும் அவரு முதுகு அரிச்சா என்ன செஞ்சாரு?" என்றேன். "நீ கதை கேக்க வந்தியா, என் உசுர வாங்க வந்தியா?" என்றாள் அத்தை.

வகுப்பில் ஒரு விதி இருந்தது. வாரத்துக்கு ஓர் உதவியாவது யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று அதை எல்லோருக்கும் சத்தமாகச் சொல்ல வேண்டும். இதில் ஏதோ இடிக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அத்தைக்கும் தோன்றவில்லை. ஒரு வாரம் நாங்கள் ஆறு பேர் ஒரே மாட்டுக்குத் தண்ணீர் வைத்திருந்தோம்.

கீரியின் கதையை அத்தை சொன்னது சித்திரை மாதத்தில். பஞ்ச காலத்தில் ஒரு ஏழைக் குடும்பத்துக்குப் பல நாள் கழித்துக் கொஞ்சம் மாவு கிடைக்கிறது. நான்கு பங்காகப் பிரித்துக்கொண்டு உட்காரும்போது வாசலில் ஒரு விருந்தாளி வந்து நிற்கிறார். வீட்டுக்காரர் தன் பங்கைக் கொடுக்கிறார். விருந்தாளிக்குப் பசி அடங்கவில்லை. எனக்குப் பசியில்லை என்று மனைவி தன் பங்கைக் கொடுக்கிறாள், அப்படியே மகனும் மருமகளும் கொடுக்கிறார்கள். அந்தத் தரையில் சிந்திக் கிடந்த மாவில் ஒரு கீரி வந்து புரண்டதும் அதன் பாதி உடம்பு பொன்னாகிவிடுகிறது. மீதிப் பாதியையும் பொன்னாக்கிக்கொள்ள அந்தக் கீரி தானம் நடக்கிற இடமெல்லாம் போய்ப் புரள்கிறது. ஊருக்கே சோறு போட்ட மகாராஜாவின் யாகசாலையில் புரண்டும் ஒரு முடிகூட மாறவில்லை.

"அந்தக் கீரி இப்ப எங்க இருக்கு அத்தே?" என்று கேட்டேன். அதிசயமாக அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்து, "இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த வாரக் கடைசியில்தான் எங்கள் அன்னதானம்.

அப்பாவுக்கு மலைமேல் போடிமெட்டுக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் ஒருநாள் அன்னதானம் அவருடையது. கோயில் வாசலில் கைகூப்பிச் சிரிக்கும் அப்பாவின் படத்தோடு பேனர் வைப்பார்கள். அதில் அப்பா நேரில் இருப்பதைவிடச் சிவப்பாக இருப்பார். கீரிக்கு எங்கே போவது? வீட்டில் வெள்ளைப் பூனைக்குட்டி ஒன்று இருந்தது. மீசை இருக்கிறது, வால் இருக்கிறது, இது போதும் என்று முடிவு செய்து அதைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் பந்தி எழுந்ததும் சிந்திக் கிடந்த சோற்றில் குட்டியைப் புரட்டினேன். அது வெள்ளையாகவே இருந்தது. பாயசம் கொட்டிய இடத்தில் விட்டேன். அது புரளாமல் நக்கிக் குடித்தது. மூன்றாவது பந்தியில் பந்திப் பாயின் ஓரத்தில் வைத்து இரண்டு பக்கமும் அமுக்கி உருட்டினேன். என் கையைப் பிறாண்டியதுதான் மிச்சம்.

சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். தெரிந்தவர்கள் வருவார்கள் என்று இரண்டு அண்டாக்களில் சாதத்தை வாழை இலை போட்டு மூடித் தனியாக வைத்திருந்தார்கள். அப்போது ஓர் அக்கா வேகமாக வந்தார். திருவிழாவுக்காக மலைத் தோட்டங்களில் அன்று அரைநாள் விடுப்பு. அங்கிருந்து இறங்கிய ஜீப்பில் வந்தவர் என்பது சேலைக்கு மேல் மாட்டியிருந்த வேலைச் சட்டையிலேயே தெரிந்தது. கையில் ஒரு தூக்குச்சட்டி. அதற்கு மூடி இல்லை. ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துப் பச்சைச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார். அப்பா காதில் போனை வைத்திருந்தார். அந்த அக்காவின் முகத்தைப் பார்க்காமலே, "முடிஞ்சு போச்சு ஆத்தா. அடுத்த வருசம் வெரசா வா" என்று கையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் பூனைக்குட்டியின் வாலைத் தூக்கி, அடியிலாவது மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா தோற்றுவிட்டார். இதை அம்மாவிடம் சொல்ல முடியாது, அத்தையிடம் சொன்னால் வகுப்பில் உதாரணமாகச் சொல்லிவிடுவாள். அப்பா அருகில் வந்து தலையைத் தடவியபோது எனக்கு அழுகை வந்தது. அவர் பாவம், அவருக்கு இன்னும் தெரியாது என்று நினைத்தேன்.

கோடை மழை பெய்ததும், தோட்டத்தில் சாமி கும்பிட்டு ஆட்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் போடப் போவதாக அப்பா சொன்னார். மறுதேர்வு! நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பள்ளிக்கூடப் பையைக் குட்டி நாசம் செய்துவிட்டிருந்ததால், ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த புது மஞ்சப்பையில் அதை வைத்து மூடினேன். எங்கள் வண்டி பட்டறையில் இருந்தது. அதனால் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் போனோம். அப்பா முன்னால் உட்கார்ந்தார். குட்டி கத்தினால் மாட்டிக்கொள்வேன் என்று நான் பின்னால் பெண்களோடு உட்கார்ந்தேன்.

பாதி மலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே மரம் சாய்ந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. "வெட்டி எடுக்க மதியம் ஆயிரும்ணே" என்று டிரைவர் அப்பாவிடம் சொன்னார். படுதா வழியாகச் சாரல் அடித்து என் மடியிலிருந்த பையும் மெல்ல நனையத் தொடங்கியது. பத்து மணிக்கு எல்லாப் பெண்களும் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டு முடித்தார்கள். அதுதான் அவர்கள் வேலைக்கு நடுவே சாப்பிடும் நேரம். எனக்கு எதிரே இருந்த ஓர் அக்கா மட்டும், "எனக்கு மத்தியானத்துக்கு இருக்கட்டும்" என்று சட்டியைக் காலடியிலேயே வைத்திருந்தார்.

நாங்கள் தோட்டத்தில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒரு மணிக்கெல்லாம் எனக்குப் பசி கண்ணைக் கட்டியது. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் என் வயிறு சொன்னது ஜீப்பு முழுக்கக் கேட்டது. எதிரே இருந்த அக்கா சிரித்துக்கொண்டே சட்டியை மடியில் எடுத்துவைத்து, முடிச்சை அவிழ்த்தார். மொச்சைக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. மேலே இருந்த தட்டில் பாதியை வைத்து எனக்குக் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, சட்டியை முன் இருக்கைப் பக்கம் நீட்டினார்.

"மொதலாளி, நீங்களும் ரெண்டு வாயி சாப்புடுங்க."

"வேணாம்மா, ஒனக்கு?"

"நான் காலையிலேயே வயிறு நெறையச் சாப்ட்டுத்தான் வண்டி ஏறுனேன்."

"நீ எப்பக்கா சாப்ட்ட?" என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டார். அந்த அக்கா முழங்கையால் அவரை ஓர் இடி இடித்தார். அப்பா சட்டியை வாங்கிக்கொண்டார். அவருக்கும் பசிதான்.

நான் நான்கு வாய் தின்ற பிறகுதான் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்தேன். பிறகு என் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் உரக்கக் கேட்டேன்.

"அக்கா, நீங்க எங்க அன்னதானத்துக்கு வந்தீங்கள்ல? இதே சட்டியக் கொண்டாந்தீங்கள்ல? முடிஞ்சு போச்சுன்னு அப்பா சொன்னாங்கள்ல?"

பெண்கள் எல்லோரும் வெளியே பார்த்தார்கள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அப்பாவின் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த அக்கா அப்பாவின் முதுகை ஒருமுறை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் இல்ல பாப்பா. அது வேற யாரோ. திருவிழா அன்னைக்கு நான் எங்க ஊரு செலமலைய விட்டே கெளம்பல. எனக்கு அந்தக் கோயிலு எங்கிட்டு இருக்குன்னே தெரியாது."

"இந்தப் பச்சைத் துணி?"

"பச்சைத் துணிக்கா பஞ்சம்? மலையில பாதிப் பேரு சட்டிக்கு மூடி கெடையாது. நீ சாப்பிடு. சாப்புடுங்க மொதலாளி, ஆறிறப்போகுது."

சோறு எப்போதோ ஆறிப்போயிருந்தது. அப்பா தலையைக் குனிந்தபடி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் காலடியில் பருக்கைகள் சிந்திக் கிடப்பதைப் பார்த்ததும் வெட்கம் மறந்துவிட்டது. குட்டியை எடுத்து ஒரு புரட்டுப் புரட்டினேன். ஜீப்பே சிரித்தது. குட்டி வெள்ளையாகவே இருந்தது. சரி, இங்கேயும் இல்லை என்று, அதற்குள் ஊறிப்போயிருந்த பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டேன். அது ஒருக்களித்துச் சுருண்டு தூங்கிவிட்டது. மரத்தை அகற்றி வண்டி கிளம்பியபோது மணி மூன்று இருக்கும். எங்கள் தோட்டத்துக்கு முன்னாலேயே அந்த அக்கா இறங்கிவிட்டார். காலிச் சட்டியைப் பழையபடி பச்சைத் துணியால் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

தோட்டத்தில் இறங்கிப் பையைத் திறந்த நான் போட்ட சத்தத்தில் அப்பா ஓடி வந்தார். பூனைக்குட்டியின் ஒரு பக்கம் மஞ்சள். காதிலிருந்து வால்வரை, சரியாகப் பாதி! மறுபக்கம் வெள்ளை. கீரியின் கதையை, புரட்டிப் பார்த்ததை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நம்ம அன்னதானத்துல உருட்டிப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன்ப்பா."

"மாறலையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா குட்டியை வாங்கி அதன் மஞ்சள் பக்கத்தைத் தடவினார். ஈரப் பையையும் எடுத்துப் பார்த்தார். அப்புறம் தன் விரல்களைப் பார்த்துவிட்டு, கையை இறுக மூடிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"பொங்கல்ல மீதிப் பாதியையும் உருட்டுவோமாப்பா? இன்னைக்கு மாறிரும்ப்பா, கண்டிப்பா மாறிரும்."

"வேணாம்" என்றார். "அந்தப் பாதி அப்படியே இருக்கட்டும்." குட்டியை என்னிடம் திரும்பக் கொடுத்துவிட்டு, "ஒங்க அத்தை கிளாஸ்ல இதச் சொல்லாத" என்றார்.

குட்டி நக்கி நக்கி ஒரே வாரத்தில் வெள்ளையாகிவிட்டது. அந்தப் பையோடு சேர்த்துத் துவைத்த என் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் மஞ்சளானபோது, அம்மா பையின் சாயத்தைத் திட்டினாள். நான் விவரம் புரிந்து இரண்டு நாள் அழுதேன். அப்பா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு அன்னதானத்தில் பேனர் இருந்தது, பாயசம் இருந்தது. ஆனால் பந்திகள் முடிந்த பிறகும் அப்பா வீட்டுக்கு வரவில்லை. மூடி வைத்த அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, மலை ஜீப்புகள் வந்து நிற்கும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர்கள் வந்தபோதும் அந்த அண்டாவைத் திறக்க விடவில்லை. போன் அடித்தும் எடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட வந்த நான், யாருக்காகக் காத்திருக்கிறார் என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஜீப்புல சோறு குடுத்துச்சுல்ல, அந்த அம்மா வருதான்னு பாக்குறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் எல்லாக் கணக்கு வழக்கும் மனப்பாடமாக வைத்திருக்கும் அப்பா, இதைப் போய் மறந்துவிட்டாரே!

"அவங்க எப்படிப்பா வருவாங்க? அவங்களுக்கு இந்தக் கோயில் எங்க இருக்குன்னே தெரியாதுன்னு சொன்னாங்கள்ல?"

"ஆமா, சொன்னுச்சு" என்றார் அப்பா. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.