ஓமோம் என்றால் இல்லை

ராஜினிக்குக் காது கேட்கும். இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கும்! குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மட்டும்தான் அவளுக்குப் பிடிபடாது. அதற்காக அவளுடைய வேலையைப் பறித்தார்கள். அந்தக் கதையை ஆத்திரப்படாமல் ஆறுதலாகச் சொல்ல என்னால் முடியாது.

வன்னியில் துணுக்காய்தான் அவளுடைய ஊர். கடைசிச் சண்டையில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. செல் குண்டின் துண்டொன்று வலது காதுக்கு மேலே புகுந்தது. உயிர் தப்பினாள், ஆனால் அவளுடைய பேச்சு ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே தட்டாகிவிட்டது. கோயிற் பாட்டும் சந்தைக் கூச்சலும் அவளுக்கு ஒன்றுதான். ஒருவர் கோபித்தால் சொல்லை வைத்தோ முகத்தை வைத்தோதான் கண்டுபிடிப்பாள். ஊர் சும்மா விடுமா? முன்னால் தலைக்கனம் என்றது, பின்னால் விசரி, பைத்தியம் என்றது. நாசமாய்ப்போன வாய்கள்.

மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு தையல் ஆலையில் என் பக்கத்து மெசின் அவளுடையது. பன்னிரண்டு வருசம். புருசன் செத்த பிறகு மகள் தர்மிளாவை வளர்த்தது அந்த மெசின்தான்.

போன மாசியில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. தர்மிளா மயங்கி விழுந்துவிட்டாள். ராஜினி மனேச்சர் கிருசாந்தனிடம் ஓடினாள்.

"சேர், பிள்ளை விழுந்திட்டாளாம். நான் போகட்டோ?"

அவர் கம்பியூட்டரிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. "ஓமோம், போங்கோ போங்கோ. உங்கட சட்டையள நான் இருந்து தைக்கிறன்."

எங்கள் பக்கத்தில் வெட்டிச் சொன்னால் ஓமோம் என்பது சம்மதம். இழுத்து வளைத்துச் சொன்னால் கனவிலும் நடக்காது என்று அர்த்தம். அவர் இழுத்த இழுவை பால்குடிப் பிள்ளைக்கும் விளங்கும். ராஜினி கும்பிட்டு, "பெரிய உதவி சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் வாசலிலேயே கடிதத்தை நீட்டினார்கள். அனுமதியின்றி வெளியேறியதால் வேலைநீக்கம்.

நான் விடுவேனா? ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். காதில் கருவியை மாட்டிவிட்டுச் சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒன்றுகூடத் தவறாமல் தூக்கினாள். "கேள்வித்திறன் இயல்பு" என்று கடதாசி வந்தது. மனேச்சருக்கு அது வாயில் சீனி போட்டதுபோல.

"காது நல்லாக் கேக்குதெண்டு ஆஸ்பத்திரியே சொல்லுது. பிறகென்ன நடிப்பு?"

நடிப்பாம்! தலையில் இரும்புத் துண்டோடு நடிக்கிறாளாம்!

யாழ்ப்பாணத்தில் ஒரு நரம்பு வைத்தியர்தான் படம் எடுத்துப் பார்த்து விளங்கப்படுத்தினார்.

"காதில பிழையில்லை அம்மா. காது கொண்டுவாற சத்தத்தை மூளையில ஒரு இடம் பிரிச்செடுக்கும். அங்க நரம்புக் கலங்கள் தாழ்ந்த சத்தத்தில இருந்து உயர்ந்தது வரைக்கும் வரிசையா நிக்கும். சில கலங்கள் ஒரே சத்தம் நீண்டுகொண்டிருந்தா பேசாமல் இருக்கும். ஏறினாலோ இறங்கினாலோதான் துடிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க வலப்பக்கம் முக்கியம். இவாவுக்கு அங்கதான் காயம். படிக்கட்டு மாதிரி எண்டு வையுங்கோ. படி ஒவ்வொண்டும் தெரியும், சத்தம் ஏறுதோ இறங்குதோ எண்டது தெரியாது. தனித்தனிச் சத்தமா வச்சுச் சோதிச்சா இது அகப்படாது."

ராஜினி படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அப்ப நான் விசரி இல்லைத்தானே, ஐயா?"

பதினாறு வருசமாக இதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வைத்தியர் தந்த கடிதத்தோடு முறைப்பாடு கொடுத்தோம். வவுனியாவில் தொழில் கந்தோரில் விசாரணை. அதிகாரி பத்மாசனி, சொல்லுக்குச் சொல் எழுதுகிற ஆள். வைத்தியரின் கடிதத்தைக் கிருசாந்தன் தொட்டும் பார்க்கவில்லை.

"இவாவைத் திரும்ப வேலைக்கு எடுப்பியளோ?" என்று அவா கேட்டா.

அவர் கதிரையில் சாய்ந்து காற்றாடியைப் பார்த்தார். "ஓமோம்! திங்கக்கிழமையே வரட்டும். வாசலில மாலையோட நிக்கிறன்."

ராஜினி எழும்பிவிட்டாள். கண் நிறைந்திருந்தது. "மாலையெல்லாம் வேண்டாம் சேர். வேலை தந்தாலே காணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பத்மாசனி எழுதி முடித்துக் கடதாசியை அவர் பக்கம் திருப்பினா.

"கையெழுத்துப் போடுங்கோ."

"ஐயோ மிஸ், அது சும்மா பகிடிக்குச் சொன்னது!"

"நீங்கள் சொன்ன சொல்லைத்தான் எழுதியிருக்கிறன். இதில பகிடி எந்த இடத்தில இருக்கெண்டு காட்டுங்கோ."

அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். கடதாசியில் இழுவையும் இல்லை, வளைவும் இல்லை. ராஜினிக்குக் கேட்டது எதுவோ அது மட்டுமே அங்கே கிடந்தது.

அவள் அவரை நேரே பார்த்துக் கேட்டாள். "அண்டைக்கு என்ர பிள்ளை விழுந்து கிடக்கேக்கயும் உங்களுக்குப் பகிடிதானோ, சேர்?"

குரல் கொஞ்சமும் உயரவில்லை, அதே தட்டு. கிருசாந்தன் குனிந்த தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ராஜினி தன் மெசினில் இருந்தாள். மன்னிப்பு என்ற ஒரு சொல் மட்டும் அந்த மனுசனிடமிருந்து இன்றுவரை வரவில்லை.