எம்.ஏ. படிப்பும் என் மகனின் தமிழும்

மலாக்காவில், காஜா பெராங்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா இருந்தார். பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறித் தமிழை மறந்துபோன மலாக்கா செட்டிகளில் ஒருவர். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். குழந்தையை வாங்குமுன் கெபாயாச் சட்டையில் குத்தியிருக்கும் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டையில் செருகிக்கொள்வார். குழந்தையைக் கீறிவிடக்கூடாதாம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. சிங்கப்பூரில் எம்.ஏ. படிக்க எனக்கு ஆசை. கட்டணம், விடுதி, பஸ் என்று நானும் கணவரும் இரவெல்லாம் யோசித்து எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்திருந்தோம். இன்னும் பேச்சு வராத மகனை அந்த அம்மாவிடம் விடுவதுதான் பாக்கி.

“ரெண்டு வருஷமா? பொலே லா, பார்த்துக்கலாம்,” என்றார் மலாயில். “ஆனா எனக்குத் தமிழ் வராது. உன் பிள்ளை மலாய்தான் பேசுவான். ஆமா, நீ என்ன படிக்கப் போறே?”

“தமிழ்,” என்றேன், முடிந்தவரை மெதுவாக.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அப்புறம் என்ன கவலை? திரும்பி வந்து நீயே அவனுக்குச் சொல்லிக்குடு. அதுக்குள்ள உனக்குக் கொஞ்சமாவது தமிழ் வந்திருக்காதா?”

கேலி செய்தாரா, தைரியம் சொன்னாரா? விண்ணப்பத்தைத் தபாலில் போடும்போதும் யோசித்தேன். பட்டத்தோடு திரும்பிவிட்ட இப்போதும், மகன் தட்டை நீட்டி “மக்கான், மக்கான்” என்று சோறு கேட்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.