பாங்குக்கு முன் பத்து நிமிடம்

மகன் கைப்பேசியைச் சோபாவில் வீசினான். உடைந்துவிட்டதோ என்று எனக்குப் பதற்றம். அவனுக்கு அந்தக் கவலையே இல்லை.

"வாப்பா, இந்த மெனேஜர் மனிசனே இல்ல. ஒரு கோல் அடிச்சிப்போட்டு மிச்ச நேரமெல்லாம் பின்னுக்குத் தட்டித் தட்டி… பாக்கிற நாங்க மௌத்தாப் போயிருவம்."

கடல் கடந்த ஏதோ ஒரு ஊர்க் கழகம். அது முதல் நாள் இரவு ஆடியதை இவன் அஸர் தொழுதுவிட்டு வந்து, அதன் சட்டையையும் போட்டுக்கொண்டு பார்க்கிறான். முடிவு தெரிந்துகொண்டே பார்ப்பவனுக்கு இவ்வளவு கோபம்.

"வெண்டிட்டானுகள்தானேடா?" என்றேன்.

"வெண்டாக் காணுமா வாப்பா?"

வென்றால் மட்டும் போதுமா? சாதாரணக் கேள்விதான். ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஒரு கிழமையாக மனம் ஒரு நிலையில் இல்லை. கத்தாரில் இருக்கும் சிநேகிதன் ஜெசீல் அனுப்பிய குரல் பதிவொன்றுக்கு இன்னும் பதில் போடவில்லை. குடித்துக்கொண்டிருந்த பிளேன்டியைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பைக் கொழுவினேன். "எங்க போறீங்க?" என்றாள் மனைவி. "சும்மா" என்றேன். சும்மா நடக்கிற ஆள் நானில்லை என்று அவளுக்கா தெரியாது?

பள்ளிவாசலைத் தாண்டும்போது யாரோ உள்ளே மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். அந்த டொக் டொக் சத்தத்தில் எனக்குப் பழைய மைக் வாசம் வந்துவிட்டது. மைக்குக்கு வாசமா என்று கேட்பீர்கள். கல்யாண வீடுகளுக்கும் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டும் கடையில் நாலு வருசம் வேலை பார்த்தவனிடம் கேளுங்கள். ஊரில் பேசியவர்கள் அத்தனை பேரின் வெற்றிலையும் பீடியும் அந்தக் கம்பி வலைக்குள் இருக்கும். நான் அதில் வாயை வைத்துத்தான் எங்கள் கழகத்தின் பந்தடிக்கு வர்ணனை சொன்னேன். கழகத்துக்கு மைக் இலவசம், மைக்கோடு நானும் இலவசம்.

வர்ணனை என்றால் பெரும்பாலும் புளுகு. பந்து ஒரு முழம் உயர்ந்தால் வானத்தைத் தொட்டது என்பேன். ஆனால் ஜெசீலிடம் பந்து வந்தால் புளுகத் தேவையில்லை. வலது பக்க ஓரத்தில், கடலை ஒட்டி ஓடுவான். எதிரே வருகிறவன் இடது காலைத் தூக்குவதா வலது காலைத் தூக்குவதா என்று யோசித்து முடிக்கு முன் தாண்டிவிடுவான். அந்த நாட்களில் நாங்கள் நாலு கோல் அடித்து ஐந்து வாங்குவோம். தோற்றுவிட்டு, வென்றவர்களைப்போல் சத்தம் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

பிறகுதான் காதர் மெனேஜர் வந்தார். வயல் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திறந்ததைவிட மூடியதுதான் அதிகம் என்று வயல்காரர்கள் சொல்வார்கள். ஆட்டத்தையும் அப்படியே மூடினார். ஒரு கோல் விழ வேண்டும், அதுவும் கோர்ணரில் இருந்து யாருடைய தலையிலாவது பட்டு. விழுந்தால், மறுகா பத்துப் பேரும் பின்னுக்கு. ஜெசீலையும் பின்னுக்கு இழுத்துக் காவலுக்கு வைத்தார்.

ஒன்றுக்குப் பூச்சியம், ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றுகொண்டே போனோம். எனக்கோ மைக்கில் சொல்ல ஒன்றுமில்லை. "பந்து பின்னுக்கு… இன்னும் பின்னுக்கு…" என்று எத்தனை தரம் சொல்வது? தொலைந்துபோன சாவிக்கொத்தின் அடையாளங்களை ஒருநாள் மூன்று தரம் வாசித்தேன். ஐஸ்பழக்காரர் வேறு மைதானத்துக்குப் போய்விட்டார். வெல்கிற அணியைப் பார்க்க ஆளில்லாமல் போனதை நான் அங்கேதான் கண்டேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் பின்பாதி ஆட்டத்துக்கு மணிக்கூடு கிடையாது. பொழுது சாயும்போது சொல்லும் மஃரிப் பாங்கின் முதல் சொல் கேட்டதும் விசில். சமநிலை என்றால் காசு சுண்டுவார்கள். அதற்குள் இருட்டிவிடும், தண்ட உதைக்கெல்லாம் நேரமில்லை. இருப்பது ஒரே பந்து, கிழக்கே கடல். ஒரு கோல் முன்னே நின்றால் காதர் மெனேஜர் கையைக் கடல் பக்கம் நீட்டுவார். பந்து அலைக்குப் போகும். அது மிதந்து, திரும்பி, மறுபடி உள்ளே போய், யாரோ சாரனை மடித்துக் கட்டி இறங்கி எடுத்து வர நாலு நிமிடம். வந்ததும் மறுபடி கடல். சனம் கூவென்று கத்தும். அவர் பாங்கை எதிர்பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படியே இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரணி இறக்காமம் என்ற வயல் ஊர்க்காரர்கள். வயலில் யானை விரட்டிப் பழகிய கால்கள், களைக்காது. அந்த நேரம் பார்த்து ஜெசீலுக்குக் கத்தார் விசா வந்தது. ஆட்டம் ஞாயிறு, பயணம் செவ்வாய். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "கடைசி ஆட்டத்திலயும் காவல்தான்டா மச்சான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. நேரே மெனேஜரிடம் போனேன்.

அவர் கரையில் ஒரு கம்பை மண்ணில் அடித்துக்கொண்டிருந்தார். மாதத்துக்கு ஒரு கம்பு அடிப்பார். கடல் எவ்வளவு உள்ளே வருகிறது என்று பார்க்க.

"இந்த ஒரு ஆட்டத்துக்கு அவன ஓட விடுங்க" என்றேன்.

"மூணு கம்பு தண்ணிக்குள்ள போயிட்டு, பாத்தியா?" என்றார். "கடல மறிச்சிக் கல்லுப் போடாட்டி இந்தக் கிறவுண்ட் நிக்காது. பைனலுக்குக் கல்லுப் போடுற பெரியாக்கள் வாறாங்க. கப்பக் கையில வெச்சித்தான் கேக்கணும். தோத்தவன்ட கதைய ஆரு கேப்பான்?"

"கல்லும் மண்ணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். சலிப்பான ஆட்டத்துக்கு அவர் கண்டுபிடித்த நியாயம் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க வந்திருந்தது. கோர்ணரில் வழக்கமான ஒரு கோல். பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவருடைய கை கடல் பக்கம் நீண்டது, பந்தும் போனது. எனக்குள் ஏதோ அறுந்தது. மைக்கைப் பிடித்து, "தம்பிமாரே, நாலு பேர் கடலுக்க இறங்குங்க, பந்த உடன எறியுங்க!" என்றேன். நாலு பேரைக் கேட்டால் நாற்பது பேர் இறங்கினார்கள். எங்கள் ஆட்கள், எங்கள் அணிக்கு எதிராக, இடுப்பளவு தண்ணீரில். பந்து போன வேகத்தில் திரும்பி வந்தது. காதர் மெனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அத்தோடு நிறுத்தவில்லை.

"ஜெசீல், மேல போ! இண்டைக்கு நீ மேல போ!"

போனான். ஒருவன், இரண்டு, மூன்று, நாலு பேர். கடலை ஒட்டி, ஈர மண் தெறிக்க. நான் வர்ணனையை மறந்து மைக்கில் வெறுமனே கத்திக்கொண்டிருந்தேன். அடித்தான். கம்பத்தில் பட்டு வந்தது. அவன் விட்டுப்போன இடத்தால் இறக்காமத்துப் பொடியன்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று. பாங்கு.

காசு சுண்டினார்கள். தோற்றோம்.

தொழுகைக்கு வரிசை கட்டும்போது என் தோளோடு முட்டி நின்றவரைப் பார்த்தேன். காதர் மெனேஜர். ஓடிப்போக இடமில்லை. ஸலாம் கொடுத்து முடிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"ஓடினான்டா" என்றார். "நானும் எழும்பித்தான் நிண்டன்." கொஞ்ச நேரம் கையை விடவில்லை. "ஆனா கல்லுக் கத முடிஞ்சி."

வந்த பெரியவர்கள் வென்றவர்களிடம்தான் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். காதர் மெனேஜர் அதற்குப் பிறகு பந்தடிப் பக்கம் வரவில்லை. கம்பு மட்டும் சாகும்வரை அடித்தார்.

கப் கிடைத்திருந்தால் கல் வந்திருக்குமா? வராமலும் போயிருக்கலாம். எத்தனை பேர் எத்தனை வாக்குக் கொடுத்த கரை இது! இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை காலம் உறங்கியிருக்கிறேன். அந்த ஓட்டத்தை மறுபடி பார்க்கக் கிடைத்தால் மறுபடியும் கத்துவேன் என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கரைக்கு வந்துவிட்டேன். குரல் பதிவை இன்னொரு தரம் கேட்டேன்.

"மச்சான், நாலு பேர வெட்டிக்கிட்டுப் போனன் எண்டா என்ட மகன் நம்புறானில்ல. அந்தக் கிறவுண்ட ஒரு படம் எடுத்து அனுப்புடா. எதில இருந்து எதுமட்டும் ஓடினன் எண்டு காட்டப்போறன்."

அவன் ஓடிய இடத்தில் ஒரு தோணி நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. கைப்பேசியைத் தூக்கி ஒரு படம் எடுத்தேன். பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது. பின்னால் பாங்கு கேட்டது. படத்தை அழித்துவிட்டுப் பள்ளிக்கு நடந்தேன்.