கதிரவன் வாடகைக்கு

காலையில் வீட்டில் மற்றவர்கள் பேப்பரில் மரண அறிவித்தல் பார்க்கிற நேரத்தில் நான் கைபேசியில் தேடுபொறிச் செய்திகள் வாசிப்பேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நேற்றுவரை முதற்பக்கத்தில் இருந்த யாரோ ஒருவருடைய இணையத்தளம் இன்று காலமாகியிருக்கும். தேடுபொறி தன் தரவரிசைக் கணக்கை மாற்றிவிட்டதாம். எதை மாற்றியது, ஏன் மாற்றியது என்று அது வாய் திறக்காது. அதை விளக்கத்தான் நிபுணர்கள் இருக்கிறார்கள். பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் ‘பொறுத்திருந்து பாருங்கள், தரமாக எழுதுங்கள்’ என்று முடிப்பார்கள். வயிற்றுக்குத்து என்று போனவனிடம் ‘நல்லாச் சாப்பிடும்’ என்று சொல்லி அனுப்புகிற வைத்தியம்.

நானும் அந்த வைத்தியர்களில் ஒருவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு இணையத்தளம் செய்து, அதைத் தேடலில் மேலே ஏற்றிவிடுவேன் என்று சொல்லிச் சீவிக்கிறேன். என் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் மனைவி, “கொம்பியூட்டரோடை ஏதோ” என்பாள். அந்த ‘ஏதோ’வுக்கு மேல் எனக்கும் தெரியாது.

தொழிலுக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் இணையத்தில் இலவசம். அதாவது, பொத்தானை அமத்தும்வரை இலவசம். அமத்தியதும் பாதி விடையைக் காட்டி, மீதியைப் புகைபோல மறைத்து, மேலே ஒரு பூட்டுப் படம் போட்டுவிடும். நான் அந்தப் பாதி விடைகளிலேயே நிபுணன் ஆனவன்.

இணுவிலில் ஓர் அக்கா கதிரை, மேசை, பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறார். கணவர் தொடங்கிய தொழில். அவர் காலமானபிறகு தனியே இழுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்த மண்டபங்கள் கதிரையும் தாங்களே போடுகின்றன. அக்காவின் கதிரைகள் கொட்டிலுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன.

“தம்பி, இந்த ஆவணியும் உதுகள் வெளியிலை போகேல்லையெண்டால் வித்துப்போட்டுக் கனடாவுக்கு மகளிட்டைப் போறதுதான்,” என்றார். “அங்கை என்ன செய்யிறது? யன்னலுக்காலை அந்தச் சினோப் பனி கொட்டுறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான்.”

“இருக்கிறதுக்கு அங்கையும் கதிரை வேணுமே அக்கா.”

“உம்மடை பகிடியைத் தூக்கி அங்காலை வையும். எனக்குப் போக விருப்பமில்லை. ஏதும் செய்யும்.”

வீட்டுக்கு வந்து, உலகமே மெச்சுகிற ஒரு கருவியைத் திறந்து ‘கதிரை வாடகை’ என்று தட்டினேன். அது நெடுநேரம் சக்கரம் சுற்றிவிட்டு, இப்படி ஒரு சொல்லை எவரும் தேடுவதில்லை என்றது. கீழே ஒரு கேள்வியும் கேட்டது: நீங்கள் தேடியது ‘கதிரவன் வாடகை’யா?

சித்திரை மாதத்து வெயிலை வாடகைக்கு விடலாமென்றால் யாழ்ப்பாணத்தில் ஏழையே இருக்கமாட்டான். போர்த்துக்கேயன் விட்டுப்போன ‘கதிரை’ என்ற சொல்லில் தலைமுறை தலைமுறையாக நாங்கள் குந்தியிருக்கிறோம். அந்த விசயம் கருவியின் காதுக்கு எட்டவில்லை. ஆனால் கருவி இரக்கமுள்ளது. கதிரைக்குப் பதிலாக ‘நாற்காலி’ என்று போட்டுப் பார் என்றது. போட்டேன். ஆயிரக்கணக்கானோர் தேடுகிறார்கள், போட்டிக்கு ஆளில்லை, பச்சை விளக்கு.

பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் அந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை. என்றாலும் பச்சை விளக்கைக் கண்டால் எனக்கு நிற்கத் தெரியாது. அக்காவுக்கு நான் செய்து கொடுத்திருந்த தளம் முழுவதும் கதிரையைப் பிடுங்கி நாற்காலியை நட்டேன். பிளாஸ்ரிக் நாற்காலி, உறை போட்ட நாற்காலி, கைப்பிடி வைத்த நாற்காலி. பக்கமெல்லாம் பச்சை.

“உதென்ன தம்பி? உதிலை ஆர் இருக்கிறது, புலவர்மாரோ?” என்றார் அக்கா.

“உலகம் அப்பிடித்தான் அக்கா தேடுது.”

“உலகத்துக்கு நான் லொறி விடேலாது. எனக்குச் சுன்னாகம் மட்டும் போனால் காணும்.”

சில கிழமைகளில் தளம் முதற்பக்கத்துக்கு ஏறியது. அதைப் படமெடுத்து என் மற்ற வாடிக்கையாளர் எல்லோருக்கும் அனுப்பினேன். அந்த மிதப்போடு அக்காவைப் பார்க்கப் போனபோது, வாசலிலேயே அவருடைய கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கம் மேடம். நாற்காலி வாடகைக்குக் குடுப்பீங்களா? தாம்பரத்துக்கு டெலிவரி உண்டா?”

“தாம்பரம் எங்கை, மானிப்பாய்க்கு அங்காலையோ?”

“சென்னைங்க.”

“கடலுக்கு மேலாலை லொறி ஓடாது தம்பி,” என்று வைத்தார். அவர் என்னைப் பார்க்க, நான் கொட்டிலைப் பார்த்தேன். மறுபடி அடித்தது. இந்த முறை ஒரு தாய்.

“அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளைக்கு நாளைக்குச் சோதினை. நாற்காலி எண்டுறது இடுகுறிப் பெயரோ, காரணப் பெயரோ? தேடினால் உங்கடை நம்பர்தான் வருது.”

அக்கா நிதானமாகக் கதைத்தார். “நாலு கால் இருக்கு, அந்தக் காரணத்தாலை நாற்காலி. அப்ப காரணப் பெயர். காரணமில்லாமல் சும்மா வைச்சால்தான் இடுகுறி. பிள்ளையை வடிவாப் படிக்கச் சொல்லுங்கோ.” கைபேசியை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். “நீர் எனக்கு ரியூசன் சென்ரர் எல்லோ திறந்து தந்திருக்கிறீர்.”

வீட்டுக்குப் போய்த் தேடுபொறியில் வெறுமனே ‘நாற்காலி’ என்று எழுதிப் பார்த்தேன். கீழே வரிசையாக விழுந்தது: நாற்காலி பிரித்து எழுதுக, நாற்காலி காரணப் பெயர், நாற்காலி எவ்வகைப் பெயர். பூட்டுக்குப் பின்னால் இருந்த மீதிப் பாதி இதுதான். அந்த ஆயிரக்கணக்கானோருக்கு இருக்க இடம் தேவையில்லை, பரீட்சைப் புள்ளிதான் தேவை.

இதற்கிடையில் பக்கத்துக் கோண்டாவிலில் ஒரு கலியாணத்துக்கு வேறெங்கோ இருந்து கதிரை இறங்கியது. அன்று பின்னேரம் அக்கா அழைத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் கதிரை பாக்க வாறார் தம்பி. வாடகைக்கில்லை, விலைக்கு.”

குரலில் நக்கல் இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

நாற்காலி அத்தனையையும் தூக்கி எறிந்தேன். கதிரை என்று எழுதினேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கடை சனம் ஆங்கில எழுத்தில் அதைத் தட்டுகிற தாறுமாறான விதங்களையெல்லாம் அப்படியே போட்டேன். மேலே, தொலைபேசியில் ஆட்கள் கேட்பதுபோல ஒரு வரி: ‘கதிரை இருக்கோ? ஓம், இருக்கு. கொண்டுவந்து இறக்கி, கலியாணம் முடிய வந்து ஏத்துவம்.’

கருவிக்குப் பேய் பிடித்தது. சொல் பிழை, வசனம் பிழை, திரும்பத் திரும்ப எழுதுகிறாய், தரமில்லை. பக்கமெல்லாம் சிவப்பு. அதே கிழமை தேடுபொறி மறுபடியும் எதையோ மாற்றியதாம். நிபுணர்கள் தலையில் கைவைத்து ஒப்பாரி எழுதினார்கள். நான் பேப்பரை வாங்கி மரண அறிவித்தல் பார்த்தேன்.

ஞாயிறு காலை, விலைக்கு வாங்க வருகிறவரோடு கதைத்துக் குழப்பலாம் என்ற எண்ணத்தில் இணுவிலுக்குப் போனேன். கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. விற்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

“ஆள் வந்து போட்டாரோ அக்கா?”

“வந்தவர். வெறும் கொட்டிலைப் பாத்திட்டுப் போட்டார்.” அக்கா கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றை நிறுத்தினார். “லண்டனிலை இருந்து வந்த ஆக்கள், உரும்பிராயிலை கலியாணமாம். எடுத்த உடனை, ‘கதிரை இருக்கோ’ எண்டுதான் கேட்டவை. எல்லாத்தையும் ஏத்திப்போட்டன். அடுத்த கிழமைக்கும் சொல்லியிருக்கினம்.”

“அப்ப கனடா?”

“சினோ அங்கையே கொட்டட்டும்.”

என் வேலையா, தேடுபொறியின் மாற்றமா, அந்த லண்டன்காரரின் நல்ல மனமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியும் என்றுதான் மற்ற வாடிக்கையாளருக்குச் சொல்லிவருகிறேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா, நான் நிற்பதைக் கண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். இருக்க ஒரு கதிரை மிச்சமில்லை. மூலையில் கிடந்த வாளியைக் கவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

“இரும் தம்பி. உமக்கெண்டு ஒரு நாற்காலி.”

“கால் ஒண்டையும் காணேல்லையே அக்கா.”

“அப்ப இடுகுறிப் பெயர். இரும்.”