ஆறு வெறிக்குட்டிகளும் ஒரு சாவியும்

குடியை விட்ட பத்தொன்பதாவது நாள் அந்த ஆறு படங்களும் என் கடைக்கு வந்தன. வோபர்னில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை என்னுடையது. ஆங்கிலேயப் பாணியில் பப் திறக்கப்போகும் ஒருவர் கொண்டுவந்து தந்தார். விக்டோரியா ராணி காலத்துக் கேலிப்படங்கள், எல்லாமே வெறிக்குட்டிகளை, குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவர்களை, பற்றியவை. இந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவன் விளக்குக் கம்பத்துக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்கிறான். இன்னொருவன் பப் வாசலில் நிற்கும் குதிரையோடு நியாயம் கதைக்கிறான். வேறொருவனை இரண்டு பொலிஸ்காரர் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அவனோ ராசா மாதிரிக் கையசைக்கிறான். குவளைகளில் நுரை வழிவதை வரைந்தவன் நாசமாய்ப் போக, பார்க்கப் பார்க்க எனக்கு நாக்கு வறண்டது. அளவுகோலை எங்கோ வைத்துவிட்டுத் தேடினேன். தேத்தண்ணி போட்டேன், குடிக்கவில்லை. வெளியே போய் நின்றேன், குளிர் தாங்காமல் திரும்பி வந்தேன்.

விட்டதை நான் மனைவிக்குச் சொல்லவில்லை. எத்தனையோ தரம் விட்டவன் நான். சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துவிட்டேன். இங்கே எங்கள் தமிழ் ஆட்களின் விருந்துகளில் சாப்பாடு ஹோலுக்குள் இருக்கும். போத்தல் வெளியே, கார் நிறுத்துமிடத்தில், யாரோ ஒருவரின் வான் வண்டிக்குள் இருக்கும். அதன் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆண்கள் சுற்றி நிற்போம். பெண்கள் கார்ச் சாவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பதினெட்டு வருடமாக என் மனைவியும் அப்படித்தான்.

ஆறாவது படத்தில் ஒருவன் தன் வீட்டு வாசலில் நின்று, சாவியைச் சுவரில் குத்திக் குத்தித் துவாரம் தேடுகிறான். மேலே யன்னலில் ஒரு பெண், கையில் மெழுகுதிரியோடு நிற்கிறாள். அந்த மேல்பகுதியில் பழுப்பாக ஒரு ஈரக்கறை. அதை மறைப்பதற்காக, படத்தைச் சுற்றி வைக்கும் வெள்ளை அட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கி வெட்டினேன். எங்கள் தொழிலில் இது வழமைதான்.

முதல்நாள் படங்களைப் பார்த்திருந்த மனைவி, மத்தியானச் சாப்பாட்டோடு வந்து ஆறாவது படத்தைப் பார்த்தாள்.

"மேல நிண்ட மனுசி எங்க?"

"அதில கறை. மறைச்சுப்போட்டன்."

"அவளையுமோ?"

"ஆக்கள் சிரிக்கிறது கீழ நிக்கிறவனைப் பாத்துத்தானே."

"ஓம், அவனைப் பாத்துத்தான்" என்றாள். சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னேரம் புது அட்டை எடுத்துத் திரும்ப வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில்லில், தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய ஒரு பிள்ளைக்கு விருந்து. சாப்பாடு முடியமுன்னமே ஒரு வானின் பின்கதவு திறந்துவிட்டது.

"அண்ணை, ஏன் அங்கால நிக்கிறியள்? வாங்கோ."

பிளாஸ்டிக் கப் ஒன்று என் கைக்கு வந்தது. மணம் மூக்கில் ஏறியது. ஒரு வாய்தானே என்று மனம் கெஞ்சியது. கப்பைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எங்கள் காருக்கு நடந்தேன். மனைவி வழக்கம்போல ஓட்டுகிற இடத்தில் ஏறி இருந்தாள்.

"சாவியைத் தாரும். நான் கார் ஓடுறன்."

"ஊதுங்கோ."

குனிந்து ஊதினேன். இன்னொருக்கால் ஊதச் சொன்னாள்.

"எத்தினை நாள்?"

"இருவத்திரண்டு."

கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். "அந்த மனுசி?"

"இப்ப தெரியிறா. கறையோட."

அவள் இறங்கி, சாவியை என் கையில் தந்துவிட்டு மற்றப் பக்கம் போய் ஏறினாள். ரூஜில் எங்கள் வீடு வரும்வரை நான் ஒழுங்காகத்தான் ஓட்டினேன். அவள் கை கதவுப் பிடியை விடவேயில்லை.