மடிக்கும் போனில் நுழைத்த தகடு

எட்டாம் வகுப்பில் தோற்றவன் நான். அம்பத்தூரில் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்து மூன்று பட்டறை, நூம்பலில் மாடி வீடு என்று எல்லாம் இந்தக் கையால் உண்டாக்கினேன். கீல் செய்வதில் இந்தப் பக்கம் என்னை மிஞ்ச ஆளில்லை.

மடிக்கும் போன் வாங்கப் போன கடையில் அந்த விற்பனையாளரைப் பார்த்தேன். வழுக்கைத் தலை, ஒடிசலான உடம்பு. பேச்சுக்குப் பேச்சு கழுத்து டையின் நுனியால் போனைத் துடைப்பார்.

"போன மாடல மூடினா நடுவுல சந்து தெரியும் சார். புதுசுல சுத்தமா கெடையாது."

சட்டைப் பையிலிருந்து, கீலின் சந்தை அளக்கிற மெல்லிய எஃகுத் தகட்டை எடுத்தேன். பழைய போனின் மடிப்பில் அது வழுக்கிக்கொண்டு போனது. புதியதில் நுழையவில்லை.

"அழுத்தாதீங்க சார்! கடை பீஸு இது. எதுனா ஆச்சுன்னா என் வேலை பூடும்."

"நாப்பது வருசம் கீல் அடிச்சவன் கைலயே கத வுடறியா?" என்று அழுத்தினேன். திறந்தால், திரையில் கறுப்பாக ஒரு கோடு.

முதலாளி ஓடி வந்தார். "உங்க ஆளுதான் தொடச்சுகினே அழுத்திட்டாரு" என்றேன். விற்பனையாளர் அந்தக் கோட்டை டை நுனியால் துடைத்துக்கொண்டே நின்றார். அன்றே வேலை போயிற்று.

இப்போது கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் சொந்தமாகக் கடை போட்டு, மடிக்கும் போன்களைப் பழுது பார்க்கிறார். "மூடறப்போ உள்ள ஒரு தகடுகூட வைக்காதீங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாராம். என் தலையைக் கண்டால் மட்டும் ஷட்டரை இறக்குகிறார். ஏனென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவரை முதலாளி ஆக்கியது யார்? கடைப் பலகையில் என் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.