செவலை தின்ற இறக்கை

எங்கள் கிளப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கட்டம் போட்ட ஒரு பழைய போர்வைதான் உண்டு. பாய் வீட்டுப் போர்வை அது. விமானச் சண்டை ஒவ்வொன்றும் முடிந்தவுடன் சாமை அறுத்த நிலத்தின் நடுவில் அதை விரிப்போம். உடைந்து விழுந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து, மூக்கு இருந்த இடத்தில் மூக்கு, வால் இருந்த இடத்தில் வால் என்று அடுக்குவோம். விமானத்தின் உருவம் ஓட்டையில்லாமல் போர்வைமேல் வந்து சேர்ந்த பிறகுதான் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றலாம். அந்தச் சட்டம் நிலத்துக்காரம்மா போட்டது. "நீங்க பறக்கவுடுங்க, மோதிக்கினு ஒடைச்சிக்குங்க, அது உங்க பாடு. ஒரு வெள்ளத் துண்டு என் நெலத்துல கெடந்துச்சின்னா மறுவாட்டி மல ஏறி வராதீங்க. மாடு மேயற எடம் இது" என்று முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். திருப்பத்தூரில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. பாய் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்தவர். வியாபாரமாக வெளிநாடு போய்வந்தபோது, இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியை வாங்கி வந்து என் கடை மேசைமேல் வைத்தார். "இதுல பாட்டு வராதுப்பா. ஆனா ஆகாசத்துல போற ஏரோப்ளேனோட பேசும். இப்ப பேச மாட்டேங்குது, இன்னான்னு பாரு" என்றார். பார்த்தேன், பேசவைத்தேன், அன்றிலிருந்து நானும் அந்தப் பைத்தியத்தில் ஒரு பங்காளி ஆனேன். சின்ன வயதில் அவர் பட்டச் சண்டையில் பேர்போனவராம். எதிரியின் நூலை அறுக்கிற அந்த ஆசை, தாடி நரைத்த பிறகும் அவரை விடவில்லை. "பட்டத்துக்கு நூலு வேணும். இதுக்கு நெஞ்சு இருந்தாப் போதும்" என்பார்.

விமானம் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். தெர்மாகோல் பலகையை, சூடேற்றிய ஹீட்டர் கம்பியால் வெண்ணெய் வெட்டுவதுபோல் வெட்டி எடுப்போம். அது நொறுங்காமல் இருக்க மேலே காக்கித்தாளை மைதாப் பசை போட்டு ஒட்டுவோம். மூக்கில் ஒரு குட்டி இஞ்சின். ஆல்கஹாலும் விளக்கெண்ணெயும் கலந்து குடிக்கும். ஓர் இறக்கை கனத்து விமானம் சாய்ந்தால், லேசான இறக்கையின் நுனியைக் குடைந்து ஓர் ஈயக் குண்டைப் புதைத்து மூடிவிடுவோம். வாலில் நீளமாக ஒரு வண்ணக் காகித நாடா ஆடும். எதிராளியின் நாடாவை உன் விமானத்தால் அறுத்தால் நீ ஜெயித்தாய். கீழே ஊரில் எங்கு பார்த்தாலும் கரண்டுக் கம்பியும் தென்னையுமாக இருந்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் பிடித்து மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஏறிவிடுவோம். அங்கே காற்றுக்கும் எங்களுக்கும் நடுவே யாரும் குறுக்கே வருவதில்லை.

பாய்க்குச் சரியான எதிரி, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, விசில், விறைத்த கழுத்து. இரண்டு பேரும் ஜீப்பில் ஒரே பொட்டலத்துக் கடலையைப் பகிர்ந்து தின்றபடி வருவார்கள். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்பதுகூட மறந்துபோகும்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமையில் காற்று கொஞ்சம் முரடு. பாயின் விமானம் உயரப் போய், மாஸ்டரின் வாலுக்குக் குறிவைத்து இறங்கியது. மாஸ்டர் ஒதுங்குவார் என்று பாய் நினைத்தார். பாய் விலகுவார் என்று மாஸ்டர் நினைத்தார். தேங்காய் உடைத்ததுபோல் ஒரு சத்தம். பாயின் விமானம் அந்தரத்திலேயே சிதறி, வெள்ளையும் காக்கியுமாகச் சரிவில் விழுந்தது. மாஸ்டருடையது இஞ்சின் நின்றுபோய், சுற்றிச் சுற்றி வந்து அந்தப் பக்கத்துப் புதரில் சொருகிக்கொண்டது.

"கண்ணு தெரியுதா பாய் உனக்கு? என் தலமேலயே கொண்டாந்து எறக்கற!"

"வழிய வுட்டு நகராம வானத்துல டிரில்லா எடுக்கறே நீ?"

மாஸ்டர் புதரிலிருந்து தன் விமானத்தைப் பிடுங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் துண்டில் சுருட்டிக்கொண்டு போய் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் வழக்கம்போல் போர்வையை விரித்துப் பாயின் விமானத்தை அடுக்கத் தொடங்கினோம். உடம்பு வந்தது. வால் வந்தது. இடது இறக்கை நொறுங்கலாக, ஆனால் முழுதாக வந்தது. வலது இறக்கையில் உள்ளங்கையளவு நுனியும், அதை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டும் வரவில்லை. அந்த நுனிக்குள்தான் ஈயம் இருந்தது. புதைத்தவன் நான்.

அந்த நேரத்தில்தான் சரிவிலிருந்து குரல் வந்தது. "யோவ் பாயி! இன்னாத்தப் போட்டு வச்சிகிற? மாடு தின்னுட்டு நிக்குது!"

ஓடினோம். நிலத்துக்காரம்மாவின் செவலைப் பசு, நிறைசினை. அதன் கடைவாயில் காக்கித்தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா வாய்க்குள் கைவிட்டு வழித்தெடுத்ததில் வெள்ளை மணிகள் எச்சிலோடு வந்தன. மீதி உள்ளே போய்விட்டது. எவ்வளவு போனது, ஈயமும் சேர்ந்து போனதா என்பது யாருக்கும் தெரியாது. தாள், தெர்மாகோல் என்றாலாவது ஏதோ ஒரு வழியில் வெளியே வந்துவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஈயம் விஷம். நான் அதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் மாறியது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. மாட்டின் கழுத்தில் கை வைத்தபடி, "அசை போட்டா பொழச்சிச்சி. போடலன்னா ரெண்டு உசுருங்க" என்று மட்டும் சொன்னார்.

செவலை அசை போடவில்லை. சிலைபோல் நின்றது.

அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம். இத்தனை நாளாகத் துண்டுகள் பக்கத்திலேயே விழுந்தும் முகர்ந்துகூடப் பார்க்காத மாடு இன்றைக்கு ஏன் தின்றது? கையிலிருந்த காக்கித்தாளை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். காறித் துப்பினார்.

"உப்பு! காயிதத்துல எவன்யா உப்பு போட்டான்?"

நாங்கள் பாயைப் பார்த்தோம். பாய் தரையைப் பார்த்தார். போனமுறை அவர் வீட்டில் காய்ச்சிய பசை இரண்டே நாளில் புளித்துப் போயிற்றாம். "தோலு அழுகாம இருக்கறதுக்கு உப்புதானே போடறோம், பசையும் கெடாதுன்னு ஒரு கை அள்ளிப் போட்டேம்மா" என்றார், சின்னக் குரலில்.

"உசுரோட நிக்கற மாட்டு எதிர்ல தோலு கதையா பேசற நீ?"

அவ்வளவு பெரிய வியாபாரி, கைக்குட்டை விரிக்காமல் எங்கும் உட்காராதவர், புழுதியில் மாட்டின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "வேற மாடு வாங்கித் தர்றேம்மா" என்று வேறு யாராவது பணக்காரர் சொல்லியிருப்பார். இவர் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

எண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் நிலத்துக்காரம்மா. எண்ணெய்க்கு அவர் வீடு வரை போக வேண்டியிருக்கவில்லை. ஆல்கஹால் கலக்காத விளக்கெண்ணெய் பாட்டில் எங்கள் பையிலேயே இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "ஏரோப்ளேனு இதையா குடிக்குது? அதுக்குமா வயித்துக் கோளாறு?" என்றார். அந்த நிலையிலும் எங்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டான். மூங்கில் குழாயில் ஊற்றி, மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து, அவரே புகட்டினார்.

நான் ஜீப்புக்கு ஓடினேன். கீழே போய் மாட்டு டாக்டரைக் கூட்டி வர வேண்டும். மாஸ்டர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். சரிவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன்.

"டாக்டரு இன்னா தின்னுச்சின்னு கேப்பாரு. இன்னான்னு சொல்றது?" என்றார்.

"இறக்கை சார். வலது பக்கத்து நுனி. உள்ள ஈயம் கீது."

மாஸ்டர் மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தார். கோபத்தில் பார்க்காமலே சுருட்டிய துண்டு அது. பரபரவென்று அவிழ்த்தார். இஞ்சினுக்கும் இறக்கைக்கும் நடுவே, ஆப்பு அடித்ததுபோல், உள்ளங்கையளவு தெர்மாகோல் சொருகிக்கொண்டிருந்தது. மேலே காக்கித்தாள். பாயுடையது. மோதிய வேகத்தில் அவர் விமானத்திலேயே குத்தி நின்றுவிட்டது.

மாணவர்களை ஓடவைத்துத்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் ஓடினார். தலைக்குமேல் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாய்! உங்க நுனி என்னாண்ட கீது! என்னாண்டதான் கீது!" என்று கத்திக்கொண்டே சரிவில் இறங்கினார். நான் அதை வாங்கி விரலால் அழுத்தினேன். தாளுக்கு அடியில் குண்டு, வைத்தது வைத்தபடி. போர்வையில் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தபோது இறக்கை நுனிவரை வந்து சேர்ந்தது. இரண்டு விரல் அகலத்து இடைவெளி மட்டும் மீதி. செவலை தின்றது அவ்வளவுதான். பாய் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார், மாஸ்டரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் மாடு இன்னும் அசை போடவில்லை. ஜீப் டாக்டரைத் தேடிக் கீழே இறங்கிற்று. வெயில் சாயும்வரை ஒரு மாட்டின் தாடையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எச்சில் விழுங்கக்கூடப் பயமாக இருந்தது. செவலை மெதுவாகக் கால் மடக்கிப் படுத்தது. விழுகிறது என்று நினைத்து எழுந்துவிட்டோம். மாட்டின் தொண்டையில் ஏதோ ஓர் உருண்டை மேலேறி வந்தது. தாடை ஒருபக்கமாக நகர்ந்தது. மறுபடியும் நகர்ந்தது. நிலத்துக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடுதுடி என் தங்கம்" என்றார். பிறகு வந்த டாக்டரும் தடவிப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். அன்றைய டீயைப்போல் ஒரு டீயை நான் குடித்ததில்லை. ஆறிப் பச்சைத் தண்ணீராகப் போயிருந்தது. யாருடைய நாடா அறுந்தது என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது பாய், மறுபடி வரலாமா என்று கேட்கத் தயங்கி நின்றார். அந்த அம்மாவே சொன்னார்: "கன்னு போடட்டும். நல்லபடியா போட்டா ஆள் சொல்லி அனுப்பறேன். அதுவரிக்கும் வராதீங்க."

இப்போது ஊருக்கு ஊர் பையன்கள் அட்டைப் பெட்டியில் வரும் விமானத்தைப் பேட்டரி மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். அழகாகப் பறக்கிறது, பசை காய்ச்ச வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் இது இல்லாமல் போயிற்றே என்றுதான் எனக்கு ஆதங்கம். பாய் இன்று இல்லை. அவரை நினைக்கும்போது என் கண்முன் வருவது அவர் வானத்தை அண்ணாந்து பார்த்து நின்ற கோலம் அல்ல. அதற்குப் பிறகு ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதறியாமல் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, மலையிலிருந்து வரும் ஒவ்வொரு ஜீப்பையும் எட்டிப் பார்த்த கோலம்தான்.

ஒருநாள் மத்தியானம் தெருவில் பெரிய சத்தம். ஜீப்பிலிருந்து குதித்து, தொப்பி கையில் இருக்க, பாய் ஓடி வருகிறார். "பொண்ணு! பொண்ணு பொறந்திருக்குப்பா! ரெண்டு பேரும் நல்லாகீறாங்க!" பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, "சந்தோசம் பாய். யாருக்கு, பெரிய மருமவளுக்கா?" என்று கேட்டார்.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் காட்டினார்.

"எங்க கிளப்புக்குப்பா."